37 பேனா இருந்தும் 38-ஆவது கேட்கும் மனசு

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கையில் 37 இங்க் பேனா, 22 மை பாட்டில். சம்பளம் ஏறிய வாரத்தில் எப்படியும் ஒரு பேனா வாங்கிவிடுகிறீர்கள். பார்சலைப் பிரித்து இரண்டு பக்கம் எழுதியதும் ஆசை அடங்கிவிடுகிறது. பத்து நாள் கழித்து ராத்திரி அடுத்த பேனாவின் வீடியோவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘வாங்குவதை எப்படி நிறுத்துவது, இல்லை எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இப்போதெல்லாம் பார்சலை ஆபீஸ் முகவரிக்கு வரவழைக்கிறேன் என்று. அதைப் பிறகு பேசுவோம், ஆனால் பேசாமல் விடப்போவதில்லை.

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. வாங்கும் கையை நிறுத்துவது ஒன்று. இருப்பதே போதும் என்று தோன்றுவது இன்னொன்று. முதலாவதற்கு ஆளாளுக்கு வழி சொல்வார்கள், நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது நடக்காமல் முதலாவது நாலு மாதம்கூடத் தாங்காது. நான் நாலு மாதம் தாங்காமல் போனவன், அதனால் சொல்கிறேன்.

நான் மனநல மருத்துவன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 20 வருஷத்துக்கு மேலாகப் பேனா சேர்க்கிறேன். அதில் பாதிக் காலம் சாயங்கால வேளையில் தெரிந்தவர்களின் நிப்புகளைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். என் மேஜைக்கு வரும் பேனாக்களில் எழுதித் தேய்ந்து வந்தவை கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் எழுதாமல் கிடந்து பழுதானவை. நிப்பை உருவினால் கீழே நாக்கின் (நிப்புக்கு மையைக் கொண்டுவரும் அடிப்பகுதி) பள்ளங்களில் மை, கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி ஒட்டியிருக்கும். எனக்கே நடந்த கூத்து ஒன்று: 2013-இல் கையால் கடைந்த எபோனைட் பேனா ஒன்றுக்குச் சொல்லிவைத்து ஆறு வாரம் காத்திருந்தேன். கரும்பச்சையில் பழுப்பு அலை ஓடும். வந்தது, தடவிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன் (எபோனைட்டில் லேசாகக் கந்தக வாசனை வரும், ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சமைத்ததுதானே அது). பேனாத் தட்டில் வைக்கப் போனால் அங்கே அச்சு அசலாக அதே கரும்பச்சை, அதே பழுப்பு அலை. இரண்டு வருஷம் முன்னால் நானே வாங்கியது. மூடியைத் திருகினேன், வரவில்லை. மை காய்ந்து மரையோடு பிடித்துக்கொண்டிருந்தது. வாங்கியதே மறந்துபோன ஒரு பொருளுக்காக ஆறு வாரம் தவம் கிடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் பேனாவுக்காக ஆசைப்படவில்லை என்று.

பின் எதற்கு? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், ஊகம் கொஞ்சம். உறுதியானதை முதலில் சொல்கிறேன். 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தார்கள். முதலில், எதிர்பாராமல் நாக்கில் பழச்சாறு பட்டபோது அந்தச் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்கு எரிகிற நேரத்துக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது புதிதாக எதுவும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. இவ்வளவும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்ட விஷயம். இனி ஊகம்: பார்சல் வருவதற்கு முன்னால் இருக்கிற கிளுகிளுப்பும், பிரித்ததும் வரும் ‘அவ்வளவுதானா’வும் இந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன். குரங்கின் பழச்சாற்றிலிருந்து மனுஷனின் பேனாவுக்குத் தாவுவது நீளமான தாவல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருஷம் டைரியில் ஆசைக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்தேன். வீடியோ பார்க்கும்போது 7, ஆர்டர் போடும்போது 8, ‘இன்று டெலிவரி’ என்று மெசேஜ் வரும்போது 9. பேனா கைக்கு வந்த மறுநாள் 4. பெரும்பாலும் இதே ஏறுமுகம், இதே சறுக்கல். அதனால் இரண்டு பக்கத்தில் சலித்துப்போவதை உங்கள் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்கு எரிந்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

விளக்கை ஏற்றத் தெரிந்தவர்கள் கடைக்காரர்கள். லாமி சஃபாரி 1980-இல் வந்த பேனா. இன்றைக்கும் நல்ல பேனா, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நானே சொல்வதுண்டு. அதில் வருஷா வருஷம் ஒரு விசேஷ நிறம் வரும், கொஞ்ச நாளில் கடையில் கிடைக்காமல் போகும். நிறம்தான் புதுசு. நிப்பும் நாக்கும் பழைய கறுப்பில் இருப்பவைதான். உங்கள் பட்டியலில் சஃபாரி மட்டும் ஆறு இருக்கிறது, எழுதுகிற விதத்தில் அவை ஆறும் ஒரே பேனா. இதைவிட முக்கியமான ஒன்று, சேர்க்கிறவர்கள் பலர் கவனிக்காதது: உலகத்தில் நிப்பு செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜெர்மனியில் பெர்லினில் யோவோ, ஹைடல்பெர்கில் பாக். ஐரோப்பா, அமெரிக்கா, நம்மூர் என்று எத்தனையோ பேனாக்காரர்கள் இந்த இரண்டு பேரிடம் நிப்பு வாங்கித்தான் பூட்டுகிறார்கள். மூவாயிரம் ரூபாய் பேனாவிலும் பதினைந்தாயிரம் ரூபாய் பேனாவிலும் அதே ஆறாம் நம்பர் அளவு ஸ்டீல் நிப்பு இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மேலே பொறித்திருக்கும் முத்திரை மட்டும் வேறாக இருக்கும். உடம்பு வேறு, கனம் வேறு, பிடிக்கிற சுகம் வேறு, அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் காகிதத்தில் விழுகிற கோடு ஒன்றுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பேனாக்களில் ஒரே பருமன் நிப்பு உள்ள ஆறை எடுத்து, ஆறிலும் ஒரே மையை ஊற்றி, ஆறு துண்டுக் காகிதத்தில் ஒரே வாக்கியத்தை எழுதுங்கள். பின்பக்கம் பேனாவின் பெயரைக் குறித்துவிட்டுக் கலைத்துப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் எது எந்தப் பேனா என்று சொல்லிப் பாருங்கள். இதை என் மேஜையில் உட்காரவைத்துப் பலருக்குச் செய்திருக்கிறேன். ஜப்பான் நிப்பு மட்டும் ஒரு சுற்று மெல்லிசாக விழும், அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றதெல்லாம் குத்துமதிப்பு. நானும் தோற்றவன்தான்.

மைக் கணக்குக்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த கணக்கு. சாதாரண கன்வர்ட்டரில் (பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாய்) 0.8 மி.லி. அளவுக்கு மை பிடிக்கும். 50 மி.லி. பாட்டில் என்றால் 60 தடவைக்கு மேல் நிரப்பலாம். வாரம் ஒரு தடவை நிரப்புகிற அளவுக்கு எழுதுகிறவருக்கே ஒரு பாட்டில் ஒரு வருஷம் தாண்டி ஓடும். உங்கள் 22 பாட்டிலும் 50 மி.லி. என்று வைத்துக்கொண்டால் 26 வருஷத்துக்கு மை இருக்கிறது. வயது 31 என்கிறீர்கள், கடைசி பாட்டிலின் அடிமட்டத்தைப் பார்க்கும்போது 57. அதுவும் வாரம் ஒரு கன்வர்ட்டர் தீர்ந்தால். கீபோர்டில் வேலை பார்க்கிற உங்களுக்கு மாதம் ஒன்று தீர்ந்தாலே பெரிய விஷயம். நாங்கள் படித்த காலத்தில் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்தால் ஃபில்லரில் மை ஊற்றிக் கொடுப்பார்கள். பரீட்சை நடுவில் தீர்ந்துபோனால் பக்கத்துப் பையன் பெஞ்சு மேல் இரண்டு சொட்டு உதறுவான், அதை நிப்பால் உறிஞ்சி எழுதுவோம், அவனுக்கு மறுநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும். அன்றைக்கு மை போதவில்லை. பேனா போதவில்லை என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை, ஏனென்றால் இருந்த ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, கையை நிறுத்தும் வழிகள். ‘போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். நல்ல மருந்துதான், ராத்திரி பதினோரு மணிக்கு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அந்த நேரத்துக்கு வேண்டியது தடங்கல். கடையின் தளத்தில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை அழியுங்கள். யூபிஐ வந்த 2016-க்குப் பிறகு பணம் கொடுப்பது அவ்வளவு லகுவாகிவிட்டது, காசு எண்ணும்போது விரலுக்குத் தெரிந்த வலி இப்போது தெரிவதே இல்லை. அதனால் பேனாவுக்கென்று மாதம் இவ்வளவு என்று தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மட்டும் எடுங்கள். விற்பனை அறிவிப்பு வரும் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். இவை எல்லாருக்கும் ஓரளவு பலன் தருகிறவை. 30 நாள் காத்திருந்து வாங்கு என்பார்கள், அது எனக்குச் சரிவரவில்லை. ‘இத்தனைதான் செய்திருக்கிறோம்’ என்று விற்கிற பேனாவுக்கு முப்பது நாள் பொறுக்கச் சொன்னால், முப்பது நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தால் ஒன்று போகவேண்டும் என்ற விதி அதைவிட மோசம். அடுத்ததை வாங்குவதற்கு அது ஒரு சாக்காகிவிடும்.

எனக்கு உதவியது வேறு. ஒரு பேனா மீது கண் விழுந்ததும், ‘என்னிடம் இருப்பதில் இதற்குக் கிட்டத்தில் வருவது எது?’ என்று கேட்டு, அதை எடுத்துக் கழுவி, மை ஊற்றி, பத்துப் பக்கம் எழுதுவேன். பத்துப் பக்கம் எழுதி முடித்தும் புதுசு வேண்டும் போலிருந்தால் வாங்கலாம், தடையில்லை. நினைவிலிருந்து சொல்கிறேன், பாதிக்கு மேல் ஆறாவது ஏழாவது பக்கத்திலேயே அடங்கிப்போனது. சில சமயம் அடங்கவில்லை, வாங்கினேன். அப்படி வாங்கியவை இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன, அவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இது எனக்கும் எனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்கும் பலித்த வழி, அதற்கு மேல் இதற்குச் சான்று கிடையாது.

போதும் என்று தோன்றுவதும் இப்படி எழுதியதிலிருந்துதான் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேனாவுக்கு மேல் மை ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒன்று முழுசாக வற்றினால்தான், கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டு அடுத்தது. முதல் இரண்டு மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் ஒரு பேனாவை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. என் கையெழுத்துக்கு அது ஒரு கன்வர்ட்டரில் 18 பக்கம் ஓடும், மழைக்காலத்தில் மூடாமல் வைத்தாலும் ஒரு நிமிஷம் காயாது, இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ‘ழ’வின் வால் கரகரக்கும். அந்தக் கரகரப்பைத் தேடி லென்ஸில் பார்த்தேன். நிப்பின் இரண்டு நுனிகளில் ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தது. நகத்தால் மெதுவாக நிமிர்த்தி, எழுதி, திரும்ப நிமிர்த்தி, எழுதி, முக்கால் மணி நேரம். கடைசியில் அந்த வால் சத்தமில்லாமல் போனபோது எனக்குக் கிடைத்தது எந்தப் பார்சலிலும் கிடைத்ததில்லை. அது மறுநாள் 4-க்குச் சரியவும் இல்லை. புதுப் பேனாவின் சந்தோஷம் முன்கூட்டியே செலவாகிவிடுகிறது, பழகிய பேனாவின் சந்தோஷம் மெதுவாகச் சேர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (நிப்பை நிமிர்த்தும் வேலையை விலை உயர்ந்ததில் பழகாதீர்கள். ஐம்பது நூறு ரூபாய் பேனா நாலைக் கெடுத்துவிட்டு வாருங்கள். நான் கெடுத்தது ஒன்பது.)

இப்போது அந்த ஆபீஸ் முகவரி. உங்கள் கேள்வியிலேயே எனக்குக் கவலை தந்த வரி அதுதான். நானும் ஒளித்தவன். ஆறாயிரம் ரூபாய் பேனா ஒன்றை வீட்டில் நானூறு என்று சொல்லியிருந்தேன். என் மனைவியின் அண்ணன் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான். வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று மனைவி, ‘உங்களிடம்தான் நானூறு ரூபாய் பேனா இத்தனை கிடக்கிறதே’ என்று தட்டிலிருந்து அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் சோபாவில் உட்கார்ந்து ‘நல்லா எழுதுப்பா’ என்று வாழ்த்தினேன். வேறென்ன செய்வது? அன்றைக்கு ராத்திரி உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் வீட்டில் நல்ல பேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வாங்கும் வேகம் தானாகக் குறைந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஒருவரிடம் சொல்லி வாங்கவேண்டியிருந்தது. சொல்லக் கூசுகிற பேனாவை வாங்காமலே விட்டேன். வீட்டில் உள்ளவர்களிடம் மொத்தக் கணக்கையும் ஒருநாள் காட்டிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும்.

இதில் எங்கே என் அனுபவம் முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வாங்குவது, கடன் வாங்கி வாங்குவது, வாங்கியதைப் பிரிக்காமலே அடுக்குவது, மனசு சரியில்லாத நாளிலெல்லாம் வாங்கினால்தான் ஆறும் என்ற நிலை, நிறுத்த நினைத்தும் திரும்பத் திரும்ப முடியாமல் போவது: இவை இருந்தால் மேலே சொன்ன பத்துப் பக்கம், இரண்டு பேனா எல்லாம் போதாது. இப்படி அடங்காமல் வாங்குவதை ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்லின் நூறு வருஷத்துக்கு முன்பே விவரித்திருக்கிறார். இதைத் தனி நோயாகக் கணக்கில் எடுக்கவேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க மனநல சங்கத்தின் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் கிடையாது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் ஒரு உதாரணமாகச் சொல்கிறது. பெயர் எதுவானாலும் உதவி உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் எழுதியதில் கடன் பற்றி எதுவும் இல்லை, அதனால் உங்களை அந்த வரிசையில் வைக்கவில்லை. ஒளிப்பது ஒன்றுதான் அந்தப் பக்கம் கை காட்டுகிறது.

விற்பதா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கோபத்தில் மொத்தமாக விற்றவர்கள் இரண்டு வருஷத்தில் அதே பேனாக்களைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். தவிர, விற்கப் போனால் விலையில் மனசு புண்படும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூன்று பேரும் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிஷம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், ராத்திரி கண்விழித்துத் தேடி வாங்கியதற்கு நீங்கள் என்ன விலை நினைப்பீர்கள்? ஒரு வருஷம் இரண்டு இரண்டாக மை ஊற்றி எழுதி வாருங்கள். முறை வந்தும் எடுக்கத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே போகிற பேனாக்கள் தாமாகத் தெரியும். அவற்றை, இங்க் பேனா கட்டாயம் என்று சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன, அங்கே படிக்கிற தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு மை பாட்டிலோடு சேர்த்துக் கொடுங்கள். பாட்டிலுக்கு உங்களிடம் பஞ்சமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை 37-ஐயும் வெளியே எடுத்து, மை காய்ந்தவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். நிப்புப் பகுதியைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மாற்றி, நிறம் வருவது நிற்கும்வரை விடுங்கள். சில பேனாவுக்கு மூன்று நாள்கூட ஆகும், அவசரப்பட்டு நிப்பைப் பிடித்து இழுக்கவேண்டாம். பட்டியலில் எபோனைட் நாலு பார்த்தேன். அவற்றை மட்டும் வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். பளபளப்பு செத்து, சாணி நிறத்துக்குப் போய்விடும்.